அம்மா போட்ட ஏழுகள்

இரண்டாயிரம் பிறந்த புதிதில் எங்கள் பெண்கள் கால்பந்து அணிக்கு நான்தான் கோல்கீப்பர். பயிற்சி வியாசர்பாடியில், வீடு புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில் இரண்டாவது மாடி. ஒரு பெனால்டிக்குப் பாய்ந்து, பந்தை விட்டுவிட்டு, கோல் கம்பத்தில் மோதி வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். கை உடைந்ததைவிட, பந்து உள்ளே போனதுதான் எனக்கு ரொம்ப வலித்தது.

மாவுக்கட்டோடு வந்த என்னைப் பார்த்ததும் அம்மா ஒரே வரியில் தீர்ப்பு சொல்லிவிட்டாள்.

“இனிமே கிரவுண்டு பக்கம் போனே, கால ஒட்சி அடுப்புல வெச்சிருவேன்.”

அம்மாவுக்கு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைகளுக்குப் பிசிர் வெட்டுகிற வேலை. வெட்டியதைத் திரும்ப ஒட்டும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. நான் அழுதேன், பட்டினி கிடந்தேன், பிறகு பசி தாங்காமல் இரண்டு மடங்கு சாப்பிட்டேன். அவள் அசையவில்லை.

அந்த வாரம் பார்த்து கிரவுண்டுக்கு ஓர் அக்கா வந்திருக்கிறாள். உடற்கல்வியில் ஆராய்ச்சி செய்கிறவள். விளையாடுகிறவர்களுக்கு உடற்பயிற்சி எவ்வளவு சந்தோஷம் தருகிறது என்று அளக்க வேண்டுமாம். ஜுரத்தைத்தான் அளப்பார்கள், சந்தோஷத்தையுமா அளப்பார்கள் என்று எங்கள் கூட்டம் சிரித்துப் புரண்டதாம். எனக்கும் ஒரு தாள் வீடு தேடி வந்தது.

ஒவ்வொரு வரியிலும் இடது பக்கம் ஒரு வாக்கியம், வலது பக்கம் அதற்கு நேர் எதிரான வாக்கியம், நடுவில் ஒன்றிலிருந்து ஏழு வரை எண்கள். எந்த வாக்கியம் நமக்குப் பொருந்துகிறதோ, அதை ஒட்டிய எண்ணுக்கு வட்டம் போட வேண்டும். என் கை கட்டுக்குள் இருந்ததால் பேனா அம்மாவிடம் போனது.

“ஆடறது புடிக்குமா புடிக்காதான்னு கேக்க ஒரு பேப்பரா? வேற வேல இல்ல?” என்று அலுத்துக்கொண்டே முதல் இரண்டு வரிகளைப் படித்தாள். இரண்டிலும் நல்ல வாக்கியம் ஏழை ஒட்டி இருந்ததால் “ஏழு!” என்று கத்தினேன்.

“அல்லாத்துக்கும் இதானே சொல்லப் போற” என்று மீதியைப் படிக்காமலே ஏழு ஏழாக வட்டம் போட்டுக்கொண்டு போனாள். ஏழுதான் ஃபுல் மார்க் என்று நானும் நம்பினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த அக்கா வீட்டுக்கே வந்துவிட்டாள். நடைவழி முழுக்கத் தண்ணீர்க் குடங்களும் பெண்களும்.

“அம்மா, தப்பா நினைக்காதீங்க. டீம்லயே உங்க பொண்ணு ஒருத்திக்குத்தான் விளையாட்டு சுத்தமா பிடிக்கலை. ‘வெறுப்பா இருக்கு’ங்கறதுக்கும் ஏழு, ‘எப்படா முடியும்னு இருக்கு’ங்கறதுக்கும் ஏழு. பிள்ளையைக் கட்டாயப்படுத்தி அனுப்பாதீங்கம்மா.”

முதல் இரண்டு வரிகளுக்குப் பிறகு, பல வரிகளில் நல்ல வாக்கியத்தை இடது பக்கம் மாற்றி வைத்திருக்கிறார்கள், கண்ணை மூடிக்கொண்டு போடுகிறவர்கள் மாட்டட்டும் என்று. மாட்டியது நான். அம்மாவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? படித்தவளே வந்து சொல்கிறாள், தாளிலும் இருக்கிறது. “ஆமாம்மா” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் ஆட்டம் அன்றோடு சரி.

அம்மா இடுப்பிலிருந்த குடத்தைக் கீழே வைத்தாள்.

“இன்னாது? இவளுக்கா புடிக்காது? யாரண்ட வந்து சொல்ற நீ? ஒரு வெங்காயம் எடுத்தான்னா மேல தூக்கிப் போட்டு ஒத்தக் கையில புடிக்கிறா! மீன் வாங்கினு வாடின்னா கிரவுண்ட சுத்திகினு வர்றா, மீனு வூட்டுக்கு வர்றதுக்குள்ள நாறிப் பூடுது! கட்டு மேல இன்னா வரைஞ்சி வெச்சிகீறா பாரு, பந்து! இவளுக்குப் புடிக்கலையாம்! இன்னா பேப்பரு அது, கலீஜ் பேப்பரு!”

நடைவழியே சிரிப்பில் குலுங்கியது. பக்கத்து வீட்டு அக்கா வெங்காயக் கதைக்குச் சாட்சி சொன்னாள். சந்தோஷத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் நான் ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டிருந்தேன்.

ஆராய்ச்சி அக்காவும் சிரித்துவிட்டாள். “அப்போ கட்டு பிரிச்சதும் அனுப்பிடுவீங்கதானே?”

குடங்களோடு நின்ற அத்தனை பேரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா என் பக்கம் திரும்பினாள்.

“இன்னொரு தபா ஒட்சிகினு வந்தே, மீதி கீற கைய நானே ஒட்சிருவேன்.”

எங்கள் வீட்டில் அனுமதி என்பது அப்படித்தான் வரும். நான் போட்ட கூச்சலில் கீழ்மாடியிலிருந்து ஆள் எட்டிப் பார்த்தது.

ஆராய்ச்சி அக்கா புதுத் தாள் ஒன்றை நீட்டினாள். அம்மா வாங்கிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியின் இரண்டு பக்கத்தையும் விரல் வைத்துப் படித்து வட்டம் போட்டாள். என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நான் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றுகூடத் தப்பில்லை.