நனைக்காத சுவர்

சட்டியக்காவுக்கு அந்தப் பெயரை வைத்தவன் அவளுடைய கொழுந்தன். பதினாறு வருஷமாக அவன் கொத்தனார், இவள் அவனுக்குச் சித்தாள். கலவைச் சட்டியைத் தலையில் சுமக்கிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பான், மகராசன்.

ஆனால் பூச்சு வேலை அவளுக்கு அத்துப்படி. தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கினால் அவனுக்கு மூச்சு முட்டும். அதனால் அண்ணியை உள்ளே இறக்கிவிட்டு, மேலே உட்கார்ந்து புகை விடுவான். அவள் பூசிய முப்பது தொட்டிகளில் ஒன்றுகூட ஒழுகியதில்லை. பேர் மட்டும் அவனுக்கு. அவளுக்கு வயிறு எரியத்தான் செய்தது.

இந்த வருஷம் அவர்கள் வேலை பார்க்கும் கட்டடக் கம்பெனி ஒரு சட்டம் போட்டது. பயிற்சிக் கூடத்துத் தேர்வில் தேறி அட்டை வாங்கியவர்கள்தான் இனிப் பூச்சுக் கரணை பிடிக்கலாம். மற்றவர்கள் சட்டி தூக்க வேண்டியதுதான். சட்டியக்கா யாரிடமும் கேட்காமல் பெயர் கொடுத்துவிட்டாள். தானும் பெயர் கொடுத்திருந்த கொழுந்தனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"தொட்டிக்குள்ள பூசறது வேற அண்ணி. இது நாலு பேர் பாக்க பூசணும்."

"நீ உன் சுவத்தப் பாரு தம்பி."

தேர்வன்று ஆளுக்கொரு செங்கல் சுவர். பன்னிரண்டு மணிக்குள் பூசி முடிக்க வேண்டும். மணி அடித்ததும் பக்கத்துச் சுவரிலிருந்து கொழுந்தன் திரும்பிக்கூடப் பார்க்காமல், "அண்ணி, கலவை" என்றான்.

அவள் கை தானாகப் போய்விட்டது. குழைத்தாள், தூக்கினாள், அவன் காலடியில் வைத்தாள். நாலாவது சட்டியைத் தூக்கும்போதுதான் தன் சுவர் மொட்டையாக நிற்பது கண்ணில் பட்டது. முக்கால் மணி நேரம் போயே போய்விட்டது. சீ, என்ன ஜென்மம் இது என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

சட்டியை அங்கேயே போட்டாள். அப்போது இன்னொன்றும் தெரிந்தது. அவன் சுவர் காய்ந்து கிடந்தது; அதன் மேலேயே பூசிக்கொண்டிருந்தான். சுவரை நனைத்தால்தான் பூச்சு பிடிக்கும். காலையில் அவன் வருமுன் நனைத்து வைப்பது எப்போதும் அவள் வேலை; அவன் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி அறியான். சொல்லலாமா என்று நினைத்தாள். சொல்லவில்லை. தன் சுவருக்குத் தண்ணீர் அடிக்கப் போனாள்.

பன்னிரண்டு மணிக்கு அவள் சுவரில் கீழ் மூலை பாக்கி இருந்தது. சோதிக்க வந்த அம்மா கறார்ப் பேர்வழி.

"முடிக்கல. தேறல."

"ஒரு சாண்தாங்க."

"தண்ணித் தொட்டின்னா ஒரு சாண் விட்டுட்டு பூசுவீங்களா?"

சட்டியக்கா கரணையைக் கீழே வைத்தாள். அவளாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பாள்.

கொழுந்தன் சுவர் வழவழவென்று இருந்தது. அந்த அம்மா கரணைக் காம்பால் தட்டினாள். உள்ளே பொள்ளல் சத்தம். இன்னொரு தட்டு தட்டியதும் பூச்சு பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. அவன் முகம் கறுத்து, கூடமே கேட்க சட்டியக்கா மேல் பாய்ந்தான்.

"ஏன் அண்ணி சுவத்த நனைக்கல?"

"உங்க தேர்வுச் சுவத்த அவங்க எதுக்கு நனைக்கணும்?" என்று கேட்டாள் அந்த அம்மா.

அவன் பெயர்ந்த பாளத்தைக் காலால் தள்ளினான். அந்த அம்மா இரண்டு பெயரையும் அடித்துவிட்டு, ஆறு மாதம் கழித்து வரச் சொன்னாள்.

வாசலில் அவன் பல்லைக் கடித்தான். "வீட்டுக்கு வா. அண்ணன்கிட்ட சொல்றேன்."

"சொல்லு," என்றாள் சட்டியக்கா. "திங்கக்கிழமையிலேர்ந்து ரெண்டு பேருக்கும் சட்டிதான். தலைக்குச் சும்மாட்டுத் துணி எடுத்துக்கிட்டு வா. என்னோடத தர மாட்டேன்."