திண்டிவனம் பஸ்ஸில் ஒரு மஞ்சப்பை

காலை 6.40. எங்கள் ஊர் காணையிலிருந்து வந்து விழுப்புரத்தில் திண்டிவனம் பஸ்ஸைப் பிடித்தேன். சுமார் நாற்பது கிலோமீட்டர், டிக்கெட் முப்பத்தைந்து ரூபாய். தம்பி முருகேசனை அழைத்துவரப் போகிறேன். கார்மேனா நாட்டின் தலைநகர் தெல்வாரில் அவன் தொழிலாளர் பஸ் ஓட்டினான். போன மாதம் அந்நகரில் ஒரே நேரத்தில் மூன்று இடங்களில் குண்டு வெடித்தது. சந்தையிலும் ரயில் நிலையத்திலும் நிறையப் பேர் செத்துப்போனார்கள். மூன்றாவது குண்டு இவன் பஸ்ஸில். அதில் ஒருவரும் சாகவில்லை.

விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் வண்டி நின்றபோது பக்கத்து சீட்டுப் பெரியவர், "எங்கம்மா போற?" என்றார். காத்திருந்தவள் போலக் கொட்டிவிட்டேன். ஜன்னல் வழியாகப் பையைப் போட்டால் அந்த இடம் நம்முடையது என்பது நம்மூர்ப் பழக்கம். தம்பியின் பஸ்ஸில் முக்கால்வாசிப் பேர் நம் பக்கத்து ஆட்கள். சீட்டில் பை இருந்ததும், யாரோ இடம் போட்டிருக்கிறார்கள் என்று மரியாதையாகச் சுற்றி நின்றிருக்கிறார்கள். யாருடைய பை என்று முருகேசன் மூன்று முறை கேட்டும் யாரும் தன்னுடையது என்று சொல்லவில்லை. உடனே நாற்பது பேரையும் திட்டித் திட்டியே இறக்கி ஓடவிட்டிருக்கிறான். கடைசியாக இவன் இறங்கியதும் அந்தப் பை வெடித்திருக்கிறது.

"சரியாத்தான் கண்டுபுடிச்சிருக்கான். எடம் போட்டுட்டு சும்மா இருப்பாங்களா நம்மாளுங்க!" என்றார் பெரியவர். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கண்டக்டரிடமும் ஒருமுறை சொன்னேன்.

8.05, திண்டிவனம். திண்டிவனத்தோடு வேறு வழி திரும்பும் நண்பர்களின் காரில் சென்னையிலிருந்து வந்த முருகேசன் டீக்கடையில் நின்றான். குண்டு வெடித்ததிலிருந்து அவனுக்கு இடது காது கேட்கவில்லை.

"ஆட்டோ பேசட்டாக்கா?"

"நாப்பது கிலோமீட்டருக்கா?"

"பஸ்னா கால் வர மாட்டேங்குதுக்கா."

இருபது வருஷம் ஸ்டீரிங் பிடித்தவன். வேறு தொழில் தெரியாது. இனி எப்படிப் பிழைப்பான்?

விழுப்புரம் பஸ் வந்தது. கையைப் பிடித்து ஏற்றினேன். ஒரே ஒரு சீட் காலி. அதன்மேல் ஒரு மஞ்சப்பை. அவன் முகம் வெளுத்தது. இறங்கிவிடுவான் என்றே நினைத்தேன். கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினான்: "யார்து இது? யாரு எடம் போட்டது?"

தெல்வாரில் மூன்று முறை கேட்டும் வராத பதில், ஜன்னலுக்கு வெளியேயிருந்து வந்தது. வறுத்த மல்லாட்டைக் கடலைப் பொட்டலத்தோடு ஓர் அம்மாள்: "என்துதாம்பா! வந்துக்கினுதான கீறேன்! கைய வெச்ச, பாத்துக்க!"

"வெக்கலம்மா. நீங்களே குந்துங்க!" என்றான். கண்ணில் தண்ணீரோடு சிரித்தான்.

விழுப்புரம் வரை நின்றுகொண்டே வந்தான். அங்கே காணை பஸ் உள்ளே நுழைந்ததும் என் கையிலிருந்த பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடி, டிரைவருக்குப் பின் சீட்டில் ஜன்னல் வழியாக வீசினான்.