மாலை போட்ட கணக்கு டீச்சர்

இரத்தோட்டைக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு இன்று காலை புதுக் கணக்கு டீச்சர் வந்தார். பயிற்சி முடித்தவர்.

பெற்றோர் கொழுந்தெடுக்கப் போகாமல் கேட்டில் காத்திருந்து, மாலை போட்டு, ஆரத்தி எடுத்து அழைத்துவந்தார்கள்.

பத்தரை பஸ்ஸுக்கு டீச்சர் கிளம்பிவிட்டார். மாத்தளை டவுன் பள்ளிக்கூடத்துக்கு அட்டாச்மென்ட்டாம். பெயர் இங்கே, வேலை அங்கே. இனி கல்விக் கந்தோர் அதிகாரிகளிடம் போய் வேறு டீச்சர் கேட்டால், "உங்களுக்குத்தான் ஆள் இருக்கே" என்பார்கள்.

"ஒரு மாசமாவது இருங்களேன் டீச்சர்" என்று கிளம்பும்போது கேட்டுப்பார்த்தேன்.

"தங்க ஒரு ரூம் இருக்கா சேர்? வர்ற சம்பளம் பஸ்ஸுக்கே போயிரும். நீங்களே சொல்லுங்க."



மதியம் ஒரு அம்மா கேட்டார்: "டீச்சர் நாளைக்கு வந்துருவாங்கல்ல சேர்? புள்ளைக்கு டிசம்பர்ல ஓ.எல். சோதனைங்க."

தலையாட்டிவிட்டேன்.

ஓ.எல். வகுப்புக்கு இரண்டு வருடமாகக் கணக்கு எடுப்பது சித்திர வாத்தியாராகிய நான்தான். நாளைக்குத் திரிகோண கணிதம். முக்கோணத்தை அழகாக வரைந்துவிடுவேன். அதற்கப்புறம் என்ன செய்வதென்று தெரிந்தவர்கள், தயவுசெய்து விடிவதற்குள் கீழே கமென்ட்டில் எழுதுங்கள்.