ஒற்றைப் பொட்டுக்காரி

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளைப் பூச்சியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினோரு வருஷமாகப் படுக்கை விரிப்புகளைக் கொடியில் போட்டு எடுக்கிற வேலை. கொடிகளுக்குப் பின்னால் அலசின தண்ணீர் ஓடும் சிமெண்ட் வாய்க்காலின் விரிசல்களில் தரைப்பசலை படர்ந்து கிடக்கும். ஊரே காய்ந்து கருகினாலும் அங்கே பச்சை உண்டு. பச்சை இருந்தால் பட்டாம்பூச்சி உண்டு. சாப்பாட்டு இடைவேளையில் மற்றவர்கள் கண்ணயர, இவள் அங்கே குந்தியிருப்பாள்.

"அண்ணி, அதுங்க ஏதாவது பேசுதா?" என்பாள், அதே கூடத்தில் இஸ்திரி போடும் நாத்தனார்.

"பேசாது. அதான் உங்க அண்ணனை விட்டுட்டு இங்க உக்கார்றேன்."

வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டாம்பூச்சிச் சங்கம் கணக்கெடுக்கும். ஆளுக்கொரு பகுதி. பார்த்ததைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்தில்லாத தாள் ஆண்டறிக்கையில் ஏறாது. போன வருஷம் இவள் எழுதியதில் இரண்டை அடித்து மாற்றி நீட்டினார்கள். படித்தவர்கள் சொல்கிறார்களே என்று கையெழுத்தைப் போட்டுவிட்டாள். அன்றிலிருந்து அது முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

இந்த வருஷமும் புதன்கிழமை மருந்துக்கடைக்காரர் வந்து நின்றார். சங்கத்தின் பட்டியல் அவர் பொறுப்பு. அவள் தாளில் ஒரு வரி சிவப்பு மையில் அடிபட்டிருந்தது. வெந்தய வரியன் ஏழு என்பது எட்டாகியிருந்தது.

வெந்தய வரியன் எங்கும் திரியும் பட்டாம்பூச்சி. எருக்கிலை தின்று வளர்வதால் உடம்பெல்லாம் கசப்பு, பறவைகள் தொடாது. அந்தப் பயத்தை நம்பி, இன்னொரு வகையின் பெண் அப்படியே அதன் வேஷத்தில் சுற்றும். அசலுக்குப் பின்சிறகின் நடுவில் மூன்று நான்கு கரும்பொட்டு. வேஷக்காரிக்கு ஓரத்தில் ஒன்றே ஒன்று. அடிபட்ட வரியில் அவள் எழுதியிருந்தது அந்த ஒற்றைப் பொட்டுக்காரியை; அதைத்தான் வெந்தய வரியனோடு சேர்த்து எட்டாக்கியிருந்தார்.

"இருபது வருஷமா இந்தப் பக்கம் யாரும் பார்க்கலைம்மா. நீங்க எடுத்த போட்டோவும் கலங்கலா இருக்கு."

"போட்டோதான் சார் கலங்கல். நான் தெளிவாத்தான் பார்த்தேன்."

"ஆணைப் பார்த்தீங்களா? கறுப்புல பெரிய வெள்ளைப் பொட்டு. அதுன்னா சந்தேகமே இல்ல."

"பொண்ணைப் பார்த்தா கணக்குல வராதா?"

இஸ்திரி மேஜைப் பக்கம் யாரோ வேண்டுமென்றே இருமினார்கள்.

"சிறகு ஏமாத்தும்மா. நானே ஏமாந்திருக்கேன்."

"அதனாலதான் நான் சிறகோட நிறுத்துறதில்ல. வயித்தை வளைச்சு எந்த இலையில முட்டை வைக்குதுன்னு பார்ப்பேன். பசலையில வெச்சுது. வெந்தய வரியன் பசலையில வைக்குமா, நீங்களே சொல்லுங்க."

அவர் வாய்க்காலை எட்டிப் பார்த்தார். திங்கட்கிழமை ஆட்கள் வந்து அதை வழித்துக் கழுவிவிட்டுப் போயிருந்தார்கள். ஒரு இலை மிச்சமில்லை.

"ஆதாரம் இல்லையே."

"நான் இருக்கேனே சார்."

"நாளைக்கு அச்சுக்குப் போகுது. நீங்க கையெழுத்துப் போடலைன்னா ஊரோட கிழக்குப் பக்கம் மொத்தமும் காலி. இருபத்திரண்டு வகை."

"இருபத்துமூணு."

"போட்டுத் தொலைங்க அண்ணி," என்றாள் நாத்தனார். "ஒரு பூச்சிக்குப் போய் மல்லுக்கட்டிக்கிட்டு."

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து நடந்து, குதிகால் கொப்புளித்துச் சேர்த்த பட்டியல். கையெழுத்துப் போடாமலே தாளை மடித்து அவர் கையில் கொடுத்தாள்.

"பறவையே ஏமாறுது, நீங்க ஏமாந்தா தப்பில்ல. ஆனா என் தாளில ஏமாறாதீங்க. போனா எல்லாமே போகட்டும்."

ஈர விரிப்பை உதறிக் கொடியில் போட்டாள். இன்னொன்று. மூன்றாவதையும் போட்டாள். மனிதர் நகரவில்லை. பிறகு இஸ்திரி மேஜையில் தாளை விரித்து, எட்டை ஏழாக்கி, அடித்த வரியை மறுபடி எழுதி, பக்கத்தில் 'ஆதாரம் இல்லை, பார்த்தவர் பொறுப்பு' என்று சேர்த்தார்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு மேலிருந்து கீழ்வரை படித்தாள்.

"பார்த்தவர்னா யாரு சார்? சலவைக்கூடத்துக்காரின்னு எழுதுங்க."

எழுதினார். அதற்கப்புறம்தான் பேனாவை வாங்கினாள்.