மஞ்சள் சோப்புத் தீபாவளி

பட்சணம் செய்து அனுப்பினால் அப்பா தொட மாட்டார் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் சோப்பு செய்யலாம் என்று கிளம்பினேன்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருஷம். கல்யாணம் என்றால் மேளதாளம் எல்லாம் இல்லை. ரிஜிஸ்திரார் ஆபீஸில் இரண்டு கையெழுத்து, அதற்கப்புறம் ஆளுக்கொரு மசாலா தோசை, அவ்வளவுதான். நான் மாதுங்காவில் பரம்பரையாக ஆபீஸ் உத்தியோகம் பார்க்கிற குடும்பத்துப் பெண். அவர் தாராவியில் பலசரக்குக் கடை வைத்திருந்த திருநெல்வேலிக் குடும்பத்துப் பிள்ளை. டிராம்பே பக்கம் ஒரு தொழிற்சாலையின் லேபில் வேலை. ஜாதி வேறு, சமையல் வேறு, பேசுகிற தமிழே வேறு. நான் அவரை ‘ஏன்னா’ என்று கூப்பிட்டால் அவர் வீட்டில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

அவர் வீட்டில் ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு வழிக்கு வந்துவிட்டார்கள். என் அப்பா வரவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஒரு வார்த்தை பேசாமல் அப்படியே இருந்துவிட்டார். அம்மா மட்டும் வெள்ளிக்கிழமைதோறும் மாதுங்கா மார்க்கெட்டுக்குப் பூ வாங்க வருகிற சாக்கில் என்னைப் பார்ப்பாள். தலை தீபாவளிக்கு எங்களுக்கு அழைப்பு இல்லை. அன்றைக்குப் பூரா எங்கள் செம்பூர் வீட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டே அதிரசம் தின்றேன்.

இரண்டாவது தீபாவளிக்கும் அழுகிற உத்தேசம் எனக்கு இல்லை. நல்லதோ கெட்டதோ, அப்பாவை என்னிடம் ஒரு வார்த்தை பேச வைத்துவிட வேண்டும். அந்த வருஷம் எனக்கு வேறு எந்த ஆசையும் கிடையாது.

நான் பிறந்து வளர்ந்த மாதுங்கா பில்டிங்கில் பன்னிரண்டு வீடு. தீபாவளிக்குப் பன்னிரண்டு வீட்டுத் தட்டும் பன்னிரண்டு வீட்டுக்கும் போகும். நல்ல நாளில் வந்ததை யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள், அப்பா உள்பட. ஆனால் என் சமையலறையில் செய்த மைசூர்பாகு என்றால் ஆசாரம் குறுக்கே வந்துவிடும். சோப்புக்கு ஏது ஆசாரம்? போதாக்குறைக்கு அப்பாவுக்குக் கடைச் சோப்பைக் கண்டாலே ஆகாது. எந்த மிருகத்தின் கொழுப்பைப் போட்டானோ என்று சொல்லிப் பாசிப்பயறு மாவுதான் தேய்த்துக்கொள்வார். சுத்தமான தேங்காய் எண்ணெயில், வெட்டிவேரும் சந்தனமும் போட்டு நானே காய்ச்சிக் கொடுத்தால் என்ன சொல்லித் தட்டுவார்?

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

“சோப்பு காச்சுதது லேசுப்பட்ட காரியமில்ல கேட்டியா. காஸ்டிக் சோடா கையில பட்டா தோலு உரிஞ்சிரும்.”

“நீங்கதான் லேப்ல இருக்கேளே, அளவு சொல்லித் தாங்கோளேன்.”

“அளவு சொல்லுதேன். ஆனா நான் சொன்னபடி கேக்கணும்.”

“நான் எப்போ கேக்காம இருந்தேன்?” என்றேன். அவர் பேப்பரும் பென்சிலும் எடுத்து எண்ணெய்க்கு இத்தனை காரம் என்று கணக்குப் போட ஆரம்பித்தார்.

நவராத்திரிக்கு முன்னாலேயே தொடங்கிவிட்டோம். சோப்பை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது, நாலு வாரம் காய வேண்டும், இல்லாவிட்டால் தோலைக் கடிக்கும் என்று அவர் சொல்லியிருந்தார். செம்பூரில் எங்களுக்கு ஒரு அறை, ஒரு சமையலறை. ஜன்னல்களை எல்லாம் திறந்துவைத்து, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, திருட வந்தவர்கள் மாதிரி நின்றோம். அலுமினியப் பாத்திரத்தைக் காரம் தின்றுவிடும் என்பதால் எனாமல் பேசின். தண்ணீரில்தான் காரத்தைப் போட வேண்டும், காரத்தின் மேல் தண்ணீரை ஊற்றினால் மூஞ்சியில் தெறிக்கும். போட்ட மாத்திரத்தில் தண்ணீர் அடுப்பில்லாமலே கொதிக்கிற சூட்டுக்கு வந்துவிட்டது. ஆறவிட்டு எண்ணெயில் கொட்டி, மரக்கரண்டியால் மாறி மாறிக் கிண்டினோம். எனக்குக் கை ஓய்ந்தால் அவர், அவருக்குக் கை ஓய்ந்தால் நான். இட்லி மாவு பதத்துக்கு வந்தபோது எங்களுக்கு வந்த பெருமையைச் சொல்லி மாளாது.

அச்சுக்கு எங்கே போவது? வீட்டிலிருந்த எவர்சில்வர் டபராக்களில் எண்ணெய் தடவி ஊற்றினேன். வட்ட வட்டமாக அழகாக வந்தது. அந்த ஒரு மாதம் அவர் டபரா இல்லாமல், சுடச்சுடக் காபியை டம்ளரோடு ஊதி ஊதிக் குடித்தார். அதற்காக ஒருநாளும் முகம் சுளித்ததில்லை என்பதை இங்கே எழுதிவைக்க வேண்டும்.

வாசனை ஒன்றும் கஷ்டமில்லை. நாட்டு மருந்துக் கடையில் வெட்டிவேர், சந்தனத் தூள், பூலாங்கிழங்கு. தாதர் பூ மார்க்கெட்டில் ரோஜா. வெட்டிவேரை எண்ணெயில் ஊறப்போட்டிருந்த பத்து நாளும் எங்கள் அறை கோவில் மாதிரி மணந்தது. நிறம்தான் என்னைப் படாத பாடு படுத்தியது. ரோஜா நிறத்துக்காகப் பீட்ரூட் சாறு ஊற்றினேன். மறுநாள் பார்த்தால் காபிச் சக்கை நிறம். செம்பருத்தி போட்டேன், சேற்றுப் பச்சையாகிவிட்டது. “காரத்துல எல்லாமே நெறம் மாறும். பூவுக்குத் தெரியுமா நீ என்ன நெனச்சு போட்டேன்னு?” என்று அவர் சிரித்தார். எனக்குக் கோபம் வந்து அன்றைக்கு ரசத்தில் உப்புப் போடாமல் விட்டேன்.

கடைசியில் தேறியது இரண்டு. வேப்பிலை அரைத்துவிட்ட பச்சை வெட்டிவேர் சோப்பு ஒன்று, ரோஜா இதழ் தூவிய சந்தன சோப்பு ஒன்று. மூன்றாவதாக மங்களகரமாக மஞ்சள் நிறத்தில் ஒன்று வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். கஸ்தூரி மஞ்சளைக் கரைத்துப் பார்த்தேன், சோகை பிடித்த நிறமாக இருந்தது. அவர் வேலைக்குப் போயிருந்த நேரம். சமையல் மஞ்சள் பொடி டப்பாவைத் திறந்து இரண்டு பெரிய கரண்டி எடுத்துப் போட்டேன். போதாது என்று தோன்ற இன்னும் இரண்டு.

கிண்டினேன். கண்ணெதிரே பேசின் முழுவதும் ரத்தச் சிவப்பாகிவிட்டது.

அப்புறம்தான் புத்தியில் உறைத்தது. ஆரத்தி! மஞ்சளில் சுண்ணாம்பைக் கலந்தால் சிவக்கும் என்று தெரியாத தமிழ்ப் பெண் உண்டா? மாதுங்கா பில்டிங்கில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் ஆரத்தி கரைக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். சுண்ணாம்புக்கு உள்ள காரம் சோப்புக்கும் உண்டு என்று எனக்கு எட்டவே இல்லை. பேசின் முன்னால் தன்னந்தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “என்னட்டி இது, யாரை வெட்டுன?” என்றார். லேபில் மஞ்சள் தடவின காகிதத்தை வைத்துத்தான் காரத்தைச் சோதிப்பார்களாம். முன்னாலேயே கேட்டிருந்தால் சொல்லியிருப்பாராம்.

காயக் காயச் சிவப்பு தணிந்து நல்ல செங்கல் நிறத்தில் நின்றது. மூன்றிலும் அதுதான் அழகு. நான் தேய்த்துக் குளித்துப் பார்த்தேன். கடிக்கவில்லை, நுரை பொங்கியது, முகம் மஞ்சளாக இருந்தது. என் முகம் தினமும் அப்படித்தான் இருக்கும், மஞ்சள் பூசிக் குளிக்கிறவள்தானே? அதனால் அதைப் பற்றி நான் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. அவருக்கு வெட்டிவேர் சோப்பைக் கொடுத்துச் சோதித்தேன்.

தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்கு மூன்று சோப்பாக வெண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, நூல் கட்டி, இரண்டு பையில் எடுத்துக்கொண்டு மாதுங்கா போனேன். ஒன்றரை வருஷம் கழித்து அந்தப் படியில் ஏறுகிறேன். மாமிகள் வாசலுக்கே வந்து கட்டிக்கொண்டார்கள். மோந்து பார்த்து, “இத நீயா பண்ணினே?” என்று மோவாயில் கை வைத்தார்கள். மூன்றாவது மாடியில் எங்கள் வீட்டுக் கதவு எப்போதும்போல் திறந்துதான் இருந்தது. அப்பா நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார். அம்மா ஓடிவந்து பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள்.

“சுத்தத் தேங்காய் எண்ணெய், வேற ஒண்ணும் கெடையாது” என்று பேப்பரைப் பார்த்துச் சொன்னேன். பேப்பர் பதில் சொல்லவில்லை. திரும்பி பஸ் ஏறிவிட்டேன்.

தீபாவளியன்று மத்தியானம் சாப்பிட்டு முடித்திருந்தோம். அவர் புது வேட்டியோடு ஊஞ்சல் இல்லாத குறைக்கு ஸ்டூலில் ஆடிக்கொண்டிருந்தார். கதவு படபடவென்று தட்டப்பட்டது. திறந்தேன். அப்பா. பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு அம்மா.

முகம் மஞ்சள். காது மஞ்சள். கழுத்து மஞ்சள். புது வேட்டியின் இடுப்புப் பக்கம் முழுவதும் மஞ்சள். பெண்கள் நலங்கு வைத்து விட்டாற்போல் நின்றார்.

“என்னடி நெனச்சிண்டிருக்கே நீ?” என்றார்.

பேசிவிட்டார். என்ன பேசினார் என்பதே எனக்கு ஏறவில்லை. பேசுகிறார் என்பது மட்டும் தெரிந்தது.

“நல்ல நாளும் அதுவுமா மங்களகரமா இருக்கட்டும்னு பன்னெண்டு ஆத்துலயும் மொதல்ல அந்தச் செகப்பு சோப்பைத்தான் எடுத்திருக்கா. பில்டிங்ல ஒரு ஆம்பளை வெளியில தலை காட்ட முடியல்லே. எல்லாரும் மஞ்சக் குளிச்சிண்டு நிக்கறோம்! துண்டுல தொடச்சா துண்டு மஞ்சள். கறையைப் போக்கறேன்னு உங்கம்மா அதுல துணி சோப்பைப் போட்டா, அது ரத்தமாச் செவக்கறது!”

அம்மா பின்னாலிருந்து முந்தானையால் வாயை மூடியபடி குலுங்கினாள்.

“விடிஞ்சதுலேர்ந்து ஒவ்வொருத்தனா வந்து கதவைத் தட்டறான். ‘உங்க பொண்ணு பண்ணின வேலையைப் பாத்தேளா’ங்கறான் ஒருத்தன். ‘உங்க பொண்ணு சோப்பு பிரமாதம் ஓய்’ங்கறான் இன்னொருத்தன். உங்க பொண்ணு, உங்க பொண்ணு, உங்க பொண்ணு! நான் எத்தனை பேருக்குப் பதில் சொல்றது?”

ஒன்றரை வருஷமாக அந்தப் பில்டிங்கில் அப்பா எதிரில் என் பேச்சை யாரும் எடுத்ததில்லை. அம்மா சொல்லி எனக்குத் தெரியும்.

“அது போறாதுன்னு அந்த வடக்கத்திப் பால்கார பையா என்னை மேலேயும் கீழேயும் பாத்துட்டு, ‘ஹல்தி லகாயா சாப்? கர் மே ஷாதி ஹை க்யா?’ங்கறான். மஞ்சள் பூசிண்டு நிக்கறேளே, உங்காத்துல கல்யாணமான்னு கேக்கறான்! என்னத்தைச் சொல்றது நான் அவனுக்கு?”

அந்த இடத்தில் அப்பாவின் குரல் இறங்கிவிட்டது. எங்கள் வீட்டில் நடக்காமல் போன கல்யாணம் ஒன்றுதான். எல்லோரும் அதைத்தான் நினைத்தோம், யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அவர் ஸ்டூலிலிருந்து எழுந்து, கை கட்டிச் சுவரோரமாக நின்றார்.

அப்பா கனைத்துக்கொண்டார். திட்ட வேறு ஆள் வேண்டியிருந்தது போலும், சட்டென்று அவர் பக்கம் திரும்பினார்.

“இவ சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான், முன்னே பின்னே யோசிக்க மாட்டா. நீங்க படிச்சவர், லேப்ல இருக்கறவர். நீங்களாவது எடுத்துச் சொல்லப்படாதா, மாப்பிள்ளை?”

சொல்லி முடித்த பிறகுதான் அப்பாவுக்கே அந்த வார்த்தை காதில் விழுந்திருக்க வேண்டும். சட்டென்று கண்ணாடியைக் கழற்றி, வேட்டியின் மஞ்சளாகாத நுனியைத் தேடி எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

“தப்புதான் மாமா. உக்காருங்க” என்றார் அவர், ஸ்டூலை நகர்த்திப் போட்டு.

அப்பா உட்கார்ந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எங்கே விட்டோம் என்று யோசிக்கிறவர்போல் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார். சோப்பில் தொடங்கி, சொல்லாமல் செய்துகொண்ட கல்யாணம், அம்மாவை மார்க்கெட்டில் ரகசியமாகப் பார்த்தது, நான் இளைத்துப் போயிருப்பது வரைக்கும் ஒன்று பாக்கியில்லாமல் திட்டினார். நான் எதிரே தரையில் உட்கார்ந்து, கண்ணீர் வழிய வழியச் சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டேன்.