உப்பும் ஒரு பாட்டில் தண்ணீரும்

நைனாவுக்கு இனி ஒரு நாளைக்கு ஒரு பாட்டில் தண்ணீர்தான் என்று பொன்னேரி டாக்டர் சொல்லிவிட்டார். பல வருடச் சர்க்கரை சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டது, குடிக்கிற தண்ணீர் வெளியே போகாமல் உடம்பிலேயே தங்குகிறது, மிஞ்சினால் நுரையீரலில் ஏறி மூச்சை அடைத்துவிடும் என்றார். உப்பையும் குறைக்கச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் வேலையைப் பிரித்துக்கொண்டோம். சமையல் அம்மா பொறுப்பு, தண்ணீர்க் காவல் என் பொறுப்பு. குடத்தை உள்ளறையில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

அப்படியும் கால் வீங்கிக்கொண்டே போனது. விரலால் அழுத்தினால் பள்ளம் அப்படியே நின்றது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்தே தூங்கினார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அளந்துதானே கொடுக்கிறேன், பிறகு எங்கிருந்து ஏறுகிறது தண்ணீர்?

ஒரு மத்தியானம் வீட்டுப் பின்பக்கம், மீன் வைக்கும் ஐஸ் பெட்டியருகே அவரைக் கையும் களவுமாகப் பிடித்தேன். ஒரு கன்னம் உப்பியிருந்தது.

"வாயத் தொற நைனா."

திறந்தார். மீன் நாற்றத்தோடு பாதி கரைந்த ஐஸ் கட்டி. அதில் ஒரு செதில்கூட ஒட்டியிருந்தது. விரலை விட்டுத் தோண்டி எடுத்து வீசினேன். சாகத்தான் ஆசையா என்று தெருவே கேட்கக் கத்தினேன்.

"நாக்கு வறண்டு மேல ஒட்டிக்குதும்மா. நான் இன்னா பண்ணட்டும்?"

ஐஸ் பெட்டிக்கும் ஒரு பூட்டு வாங்கினேன்.

அந்த வாரமே மூச்சு அடைத்து, ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு பொன்னேரிக்கு ஓடினோம். என்ன சாப்பிடுகிறார் என்று நர்ஸ் கேட்டார். வேளைக்கு இரண்டு துண்டு கருவாடு, அதுவும் நல்ல உப்பேறினதாகப் பார்த்து, என்று அம்மா கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். தண்ணீரையே காத்துக்கொண்டிருந்த நான் அவர் தட்டைப் பார்த்ததே இல்லை. அம்மா காலமெல்லாம் கருவாடு போட்டவள். மீனில் உப்பைத் தடவி வைத்தால் மறுநாள் தொட்டியடியில் தண்ணீர் நிற்கும், மீன் சுண்டியிருக்கும். நைனாவின் காலும் அதேபோல வற்றிவிடும் என்று நம்பியிருக்கிறாள். உப்பு ஆகாதென்ற டாக்டர் விவரமில்லாதவர் என்பது அவள் கணக்கு.

நர்ஸ் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "செத்த மீன்லருந்துதாம்மா உப்பு தண்ணிய இழுக்கும். உசுரு இருக்கிற உடம்புல தண்ணிய உள்ளயே பிடிச்சு வெச்சுக்கும். தாகத்தையும் ஏத்தும்."

நான் அம்மாவின் பக்கம் திரும்பிய வேகத்தைப் பார்த்து, நைனா ஆக்ஸிஜன் முகமூடியை விலக்கினார்.

"அவள ஒண்ணும் சொல்லாத. அது ஒண்ணுதான் வாய்க்கு ருசியா இருந்துச்சு."

பிறகு ஒரு வாய் தண்ணீர் கேட்டார். அவர் கேட்டு எதையும் இல்லையென்று சொல்லியறியாத அம்மா, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, கூடாதென்று தலையை ஆட்டிவிட்டாள்.

ரத்தத்தைச் சுத்தம் செய்கிற மிஷின் வைத்துப் பார்த்தார்கள். இதயம் தாங்கவில்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். பாயில் கிடத்தியதும், வாயில் பால் ஊற்றும் நேரம் வந்துவிட்டது என்று சொந்தக்காரர்கள் கிண்ணத்தை நீட்டினார்கள். அம்மா அதைத் தள்ளிவிட்டு என்னிடம் கை நீட்டினாள். சாவியைக் கொடுத்தேன். பூட்டைத் திறந்து குடத்தையே தூக்கி வந்து, சொம்பு நிறைய மொண்டு ஊற்றினாள்.

"இனிமே அளவு இல்லய்யா. குடி."

விழுங்க அவருக்குத் தெம்பில்லை. ஊற்றியதெல்லாம் கடைவாய் வழியாக வழிந்து பாயை நனைத்தது. அம்மா மறுபடி மொண்டாள்.