பன்னிரண்டாம் கேள்விக்குப் பிறகு

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு கசெற் றேடியோவுக்கு எழுந்து நின்று வணக்கம் சொன்னதைப் பார்த்தவள் நான். மேசையில் வைத்துப் பொத்தானை அமத்தினேன். கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு என் கணவரின் குரல்: "வணக்கம் பிள்ளையள்." கதிரைகள் எல்லாம் ஒரேயடியாகப் பின்னால் நகர்ந்தன. "வணக்கம் சேர்" என்று வகுப்பு முழுவதும் இழுத்துச் சொன்னது. "சரி, இருங்கோ" என்றது றேடியோ. இருந்தார்கள். சிலர் வாசற்பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன், அதை ஏன் மறைக்க வேண்டும். அவர் காணாமல் போய் அப்போது சில மாதங்களாகியிருந்தன.

நாங்கள் இருவரும் ஒரே பாடசாலையில் படிப்பித்தோம். அவர் கணிதம், நான் தமிழ். வகுப்பு ஜன்னலால் பார்த்தால் துறைமுகம் தெரியும். கடற்படைப் படகுகள் போய்வரும் சத்தத்தில் பாதிப் பாடம் கரைந்துபோகும். சண்டை மறுபடி தொடங்கியதும் ஆசிரியர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். கொழும்புக்குச் சிலர், படகேறி இந்தியாவுக்குச் சிலர். மிஞ்சியவர்கள் ஒரே நேரத்தில் இரண்டு வகுப்பைப் பார்க்க வேண்டியிருந்தது.

அதற்குத்தான் அவர் அந்த யோசனையைக் கண்டுபிடித்தார். தமையன் சவூதியிலிருந்து கொண்டுவந்த கசெற் றேடியோவில் புலமைப்பரிசில் பரீட்சைக்கான மனக்கணக்குகளைத் தன் குரலில் பதிந்தார். ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் பிள்ளைகள் யோசித்து எழுத ஒரு இடைவெளி விடுவார். ஒரு வகுப்பில் அதைப் போட்டுவிட்டு அடுத்த வகுப்புக்குப் போய்ப் படிப்பிப்பார். எனக்கு அது துப்புரவாகப் பிடிக்கவில்லை.

"பெட்டி படிப்பிக்குது, நீங்கள் சம்பளம் வாங்குறீங்கள். நல்லாயிருக்கு," என்றேன்.

"பெட்டிக்குக் கேள்வி கேக்கத்தான் ஏலும். பிள்ளையளைப் பாக்க ஒரு ஆள் வேணும். நீர் வந்து நில்லுமன்," என்றார்.

நான் போகவில்லை. எனக்கு என் வகுப்புகளே தலைக்கு மேல் இருந்தன.

அந்தக் கசெற்றில் நானும் இருக்கிறேன். அவர் அறைக்குள் இருந்து பதிந்துகொண்டிருந்த ஒரு பின்னேரம், குசினியிலிருந்து நான் போட்ட சத்தம் பன்னிரண்டாம் கேள்விக்குப் பிறகு அப்படியே விழுந்துவிட்டது. "இஞ்சருங்கோ, தேத்தண்ணி ஆறுது." உடனே அவர் குரல்: "ஓம், வாறன்." பிறகு ஒன்றும் நடக்காதது போலப் பதின்மூன்றாம் கேள்வி. அதை அழித்துவிட்டுத் திரும்பப் பதியச் சொல்லிச் சண்டை பிடித்தேன். மாட்டேன் என்றுவிட்டார். "கணக்குக்கு நடுவில ஒருக்கால் சிரிக்கட்டும், பாவங்கள்," என்றார். அத்தோடு நிற்காமல் கசெற்றின் விளிம்பில் இருந்த சின்னப் பிளாஸ்டிக் பல்லையும் உடைத்துவிட்டார். அதை உடைத்தால் அதன்மேல் வேறெதையும் பதிய ஏலாது. "நீர் தெரியாமல் எதையாவது அமத்திப்போடுவீர்," என்று விளக்கம் வேறு. அந்த வருடம் முழுவதும் பிள்ளைகள் எனக்குப் பின்னால் 'தேத்தண்ணி ரீச்சர்' என்று கதைத்தார்கள்.

ஒரு சனிக்கிழமை தம்பலகாமத்தில் தெரிந்த ஒருவரிடம் அரிசி வாங்கிவரவென்று பஸ் ஏறினார். பின்னேரம் பஸ் வந்தது, அவர் வரவில்லை. வழியில் மறித்து ஆம்பிளைகள் சிலரை இறக்கினார்களாம். இறக்கியவர்கள் யார் என்று கேட்ட இடமெல்லாம் ஒவ்வொரு கதை சொன்னார்கள். சில இடங்களில் கதையும் இல்லை. கேட்கக்கூடிய வாசல்களில் எல்லாம் போய் நின்றேன். பிறகு பாடசாலைக்குத் திரும்பினேன், வேறு போக்கிடம் இருக்கவில்லை.

ஐந்தாம் வகுப்புக்குக் கணிதம் எடுக்க ஆள் இல்லை. பரீட்சை நெருங்கியது. அதிபர் என்னைக் கூப்பிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "ரீச்சர், சேரின்ர கசெற் இருக்கெல்லோ. உங்களுக்கு ஏலுமெண்டால் மட்டும்."

ஏலும் என்று சொல்லிவிட்டேன். ஏலுமா என்று யோசித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

எனக்கு எந்தப் பொத்தான் எதற்கென்றே தெரியாது. முதல் கிழமை ஒரே கூத்து. மேசை விரிப்புக்கு மேல் வைத்தேன், சத்தம் அமுங்கிப்போய்ப் பின்வரிசைக்கு ஒன்றும் கேட்கவில்லை. விரிப்பை எடுத்துவிட்டு வெறும் பலகையில், வகுப்பின் நடுவில் வைக்கக் கேட்டது. கரண்ட் இருப்பதில்லை, பற்றரிக்குத் தட்டுப்பாடு. களைத்த பற்றரிகளைக் கிணற்றுக்கட்டில் வெயிலில் காயவைத்துத் திரும்பத் திரும்பப் பாவித்தேன். கசெற்றைச் சுற்றப் பற்றரியை வீணாக்காமல் பேனாவைச் செருகிக் கையால் சுற்றினேன். பற்றரி இறங்கினால் குரல் கட்டையாகி இழுபடும். அப்படி அவருடைய குரல் இழுபடுவதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை, உடனே நிறுத்திவிடுவேன்.

அவர் சொன்னதன் அர்த்தம் பிறகுதான் விளங்கியது. கேள்வியை நானே கேட்கும்போது என் கண் புத்தகத்தில் இருக்கும். இப்போது அவர் கேட்டார், நான் பார்த்தேன். மேசைக்குக் கீழே விரல் மடிப்பவள் யார், பக்கத்துக் கொப்பியை எட்டிப் பார்ப்பவன் யார், விடை தெரிந்தும் எழுதப் பயப்படுகிற பிள்ளை எது என்று எல்லாம் தெரிந்தது. அவர் விட்ட இடைவெளி போதாத பிள்ளைகளுக்காக இடையில் நிறுத்திக் கொஞ்சம் பொறுத்தேன். ஒரு வகுப்பில் இரண்டு பேர் சேர்ந்து படிப்பிப்பது போலத்தான் இருந்தது. வீட்டில் சேர்ந்து இருந்த காலத்தில்கூட நாங்கள் அவ்வளவு ஒத்துப்போனதில்லை.

ஒரு தாய் வந்து, காணாமல் போனவரின் குரலைப் பிள்ளைகளுக்குப் போடுவது சரியில்லை என்றா. பிள்ளை பயப்படுகிறாவா என்று கேட்டேன். "இல்லை, எனக்குத்தான் ஒரு மாதிரிக் கிடக்கு," என்றா. எனக்கும் ஒரு மாதிரித்தான் கிடந்தது என்று அவவுக்குச் சொல்லவில்லை.

பன்னிரண்டாம் கேள்வி வந்ததும் நிறுத்திவிடுவேன். கசெற்றை வெளியே எடுத்து, பேனாவால் கொஞ்சம் முன்னே சுற்றி, பதின்மூன்றில் தொடங்குவேன். அந்த "ஓம், வாறன்" என்பதை வகுப்பில் நின்று கேட்க எனக்குத் தைரியமில்லை. அதை முன்பே கேட்டிருந்த பிள்ளைகளுக்குக் காரணம் தெரியும். பென்சிலை வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். அந்த இடத்தை வீட்டில் தனியாகக் கேட்பதற்கென்று வைத்திருந்தேன். ஒவ்வொரு நாளும் இல்லை. பற்றரி இருக்கிற நாளில், கதவைச் சாத்திவிட்டு.

ஒரு பிரதி எடுத்து வைக்கலாமே என்று எல்லாரும் சொன்னார்கள். பாட்டுப் பதிகிற கடை டவுனில் திரும்பவும் திறந்திருந்தது. ஆனால் கசெற்றை ஒரு நாள் அங்கே விட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். பஸ்ஸில் ஏற்றி அனுப்பிய ஒருவரைத் தொலைத்தவளுக்கு, ஒரு கடையில் எதையும் விட்டுவிட்டு வர மனம் வருமா?

அடுத்த வருடம், பரீட்சைக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, வழக்கம் போல நிறுத்தினேன், சுற்றினேன், திரும்பப் போட்டேன். கறகறவென்று ஒரு சத்தம். மூடியைத் திறந்தால் நாடா உருளையில் சிக்கி, நொறுங்கிச் சுருண்டு கிடந்தது. அந்த "வாறன்" முடிகிற இடத்திலிருந்தே ஒவ்வொரு தரமும் தொடங்கினேன், திரும்பத் திரும்பத் தொடங்குகிற இடத்தில்தான் நாடா பழுதாகும். யாரும் கேட்டுவிடக் கூடாதென்று நான் பொத்திப் பொத்தி வைத்த இடமே பிய்ந்துபோயிருந்தது. வகுப்பில் நின்றே அழுதேன். பிள்ளைகள் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டில் குசினி மேசையில் வைத்து, பிளேட்டால் பழுதான துண்டை வெட்டி எடுத்து, செலோரேப்பை மெல்லிசாகக் கீறி இரண்டு நுனிகளையும் ஒட்டினேன். போட்டுக் கேட்டேன். பன்னிரண்டாம் கேள்வி. இடைவெளி. "இஞ்சருங்கோ, தேத்தண்ணி ஆறுது," என்று என் குரல். அடுத்து, உடனேயே, பதின்மூன்றாம் கேள்வி. வெட்டிய துண்டை விரித்து, நீவி, றேடியோவுக்குள் தனியாகக் கையால் இழுத்து ஓடவிட்டுப் பார்த்தேன். வெறும் கீச்சுச் சத்தம் மட்டும்தான் வந்தது. என்னுடைய சத்தத்தை விழுங்கியிருக்கக் கூடாதா அந்தப் பெட்டி? அவர் இல்லாமல் போனது ஒரு தரம் அல்ல என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

மறுநாள் வகுப்பில் நான் பன்னிரண்டில் நிறுத்தவில்லை. இனி எதற்கு நிறுத்துவது. என் குரல் வந்தது. பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள், சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர் கேட்டுக்கொண்டது அவ்வளவுதானே.

முன்வரிசையில் அந்த வருடம் புதிதாக வந்து சேர்ந்த ஒருத்தி, அவரைக் கண்டிராதவள், கையை உயர்த்தினாள்.

"ரீச்சர், சேர் பிறகு வந்து தேத்தண்ணி குடிச்சவரோ?"

"ஓம்," என்றேன். "வந்து குடிச்சவர்."

நான் பொய் சொல்லவில்லை. பதிந்த அன்றைக்கு அவர் வந்தார். ஆறிப்போன தேநீரை அப்படியே குடித்து முடித்தார். நானும் அவளும் இதைக் கதைத்து முடிப்பதற்குள், றேடியோவில் அவர் பதின்மூன்றாம் கேள்வியைக் கேட்டுவிட்டு, பதிலுக்காகக் காத்திருந்தார்.